மேற்கே ஒன்பது கிலோமீட்டர்

2024 ஜூலை 1, திங்கட்கிழமை முதல், திண்டுக்கல்லிலிருந்து காலை ஆறே முக்காலுக்குப் பழனி ரோட்டில் புறப்பட்டுவந்த மினி பஸ் நின்றுபோனது. வழியில் எல்லா நிறுத்தத்திலும் நிற்கிற அடுத்த பஸ் ஏழே முக்காலுக்கு.

அந்த ஒரு மணி நேர இடைவெளியில்தான் சகாயசெல்வி மாட்டிக்கொண்டாள். வீடு மரியநாதபுரத்தில். வேலை, ஊருக்கு மேற்கே ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, பழனி ரோட்டை ஒட்டியிருந்த அருள்நாதனின் நாற்றுப் பண்ணையில். தக்காளி, மிளகாய், கத்தரி விதைகளைக் குழித்தட்டுகளில் போட்டு முளைக்கவைத்து, நாற்றாக விவசாயிகளுக்கு விற்கும் இடம். வெயில் ஏறுவதற்கு முன்னால் முதல் தண்ணீர் விட்டாக வேண்டும். அதனால் காலை ஏழரைக்கு ஆள் நின்றாக வேண்டும். ஆறு வருடமாக நின்றவள்தான்.

போன மாதம் பண்ணையின் பொறுப்பாளர் வேலையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். மூன்று நிழல்வலைக் கூடாரங்களின் சாவியும் அடுத்து யார் கைக்கு வரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்த விதை எப்போது போடுவது, எந்தத் தட்டு முதலில் வெளியே போவது என்று முடிவெடுக்கும் சாவி அது. சகாயசெல்வி அதை வெளியே சொன்னதில்லை. ஆனால் மனதுக்குள் மூன்றாவது கூடாரத்தில் தக்காளியை எடுத்துவிட்டு மிளகாய் போட்டு எத்தனையோ நாளாகிவிட்டது.

பஸ் நின்ற பிறகு இரண்டு வாரம் தினமும் எட்டேகாலுக்குப் போய் நின்றாள். இரண்டாவது வார வெள்ளிக்கிழமை அருள்நாதன் கூப்பிட்டார்.

"செல்வி, சாவிய உன் கையில குடுக்கணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா நீ எட்டேகாலுக்கு வந்தா, நாத்து என்ன உன் பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டா இருக்கும்?"

"நான் என்ன சார் பண்றது? பஸ்ஸ நிப்பாட்டிட்டாய்ங்க."

"எப்படியாச்சும் வா. திங்கள்லருந்து சனி வரைக்கும் ஆறு நாள் பாப்போம். ஒரு நாள் லேட்டானா விட்டுருவேன். ரெண்டாவது நாளும் லேட்டானா சாவி விக்னேஷ்குமாருக்கு. பெறகு என்னயக் குறை சொல்லக்கூடாது."

விக்னேஷ்குமார் பக்கத்து ஊர்ப் பையன். இருபத்து நாலு வயது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ஆனால் பைக் வைத்திருந்தான். வீட்டிலிருந்து பண்ணைக்கு மூன்று நிமிடம். கத்தரி நாற்றையும் சுண்டைக்காய் நாற்றையும் இன்னும் சில நாள் மாற்றி எடுத்துவிடுவான்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சகாயசெல்வியின் கணவன் பிராங்க்ளின் சொந்தமாகக் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டினான். விடியற்காலை நாலு மணிக்கு வெங்காய மார்க்கெட்டுக்குப் போனால் ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்புவான். ஆகவே அவனால் கொண்டுபோய் விட முடியாது. ஸ்கூட்டி வாங்கலாம் என்ற பேச்சை அவள் ஆரம்பத்திலேயே வெட்டிவிட்டாள். போன வருடம் பக்கத்து வீட்டு ஸ்கூட்டியில் பழகும்போது தெருமுனை டீக்கடைப் பெஞ்சில் நேராக ஏற்றி, உட்கார்ந்திருந்த இரண்டு பேரை டீ கிளாஸோடு எழுந்து ஓடவைத்தவள்.

"தானா ஓடுற வண்டி எனக்கு வேணாம். நான் மிதிச்சா ஓடணும், விட்டா நிக்கணும்."

"அப்ப சைக்கிள்தான்," என்றாள் காலேஜில் படிக்கும் மகள் அனிஷா. "கியர் சைக்கிளா வாங்கும்மா."

"உங்க அம்மா கியரு போடுறதுக்கு என்ன மலைக்கா போறா?" என்றான் பிராங்க்ளின். "சைக்கிள்னா எப்படிப் பாத்து எடுக்கணும்னு எனக்குத் தெரியும். எல்லாத்தையும் ஓட்டிப் பாக்கணும். டைம் போடணும். எது கம்மியோ அத எடுக்கணும். அம்புட்டுத்தான்."

பிராங்க்ளின் எதையும் அளந்து பார்க்கிறவன். தக்காளிப் பெட்டியைக்கூட ஜாண் வைத்துப் பார்த்துத்தான் வண்டியில் ஏற்றுவான்.

பேகம்பூரில் முனீரின் சைக்கிள் கடை. முனீர் இவர்களுக்குப் பல வருடப் பழக்கம். பிராங்க்ளின் கேட்டதும் மூன்று சைக்கிள்களை நம்பிக் கொடுத்துவிட்டான். ஒன்று, கறுப்பு நிறத்தில் கனமான பெரிய சைக்கிள். இரண்டாவது, தாழ்ந்த ஹேண்டில்பார் வைத்த சாம்பல் நிறக் கியர் சைக்கிள். மூன்றாவது, வளைந்த கம்பியும் முன்னால் பெரிய கூடையும் வைத்த சிவப்பு லேடீஸ் சைக்கிள்.

"ஓட்டிப் பாத்துட்டு எது பிடிக்குதோ வச்சுக்கங்க. மத்தத சாயங்காலம் கொண்டாந்து விட்டுருங்க. கீழ மட்டும் போட்டுறாதீங்க பாய்," என்றான் முனீர். அவனுக்குப் பிராங்க்ளினும் பாய்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிட்டு, மூன்று சைக்கிளையும் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு குடும்பமே கிளம்பியது. பண்ணையிலிருந்து வடமதுரைக்கு அன்று நாற்று ஏற்ற வேண்டியிருந்தது. ஆகவே பரீட்சையையும் பண்ணை வாசலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றான் பிராங்க்ளின். பண்ணை வாசலில் தொடக்கம், ஊரைப் பார்த்து மூன்றாவது கிலோமீட்டரில் இருக்கும் பெட்ரோல் பங்கில் முடிவு.

முதலில் கறுப்புச் சைக்கிள். சகாயசெல்வி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். குட்டியானை பின்னாலேயே ஊர்ந்தது. பங்கில் இறங்கியதும் பிராங்க்ளின் கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினான்: பதினோரு நிமிடம்.

"திரும்ப ஓட்டிக்கிட்டே வந்துறவா?" என்று கேட்டாள்.

"எதுக்கு? ஏறி உக்காரு. நாளைக்கு அதே காலை வச்சுத்தான் வேலைக்குப் போகணும். சும்மா தேச்சுக்கிட்டு இருக்காத."

கட்டிக்கொண்ட நாளிலிருந்து பெண்டாட்டியின் முழங்கால் மேல் அவனுக்கு அக்கறை உண்டு. சைக்கிளையும் அவளையும் வண்டியில் ஏற்றிப் பண்ணை வாசலுக்கே திரும்பக் கொண்டுபோனான்.

இரண்டாவதாகக் கியர் சைக்கிள். அதன் ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் குமிழ் போல ஏதோ இருந்தது. எதைத் திருகினாலும் உள்ளே கடகடவென்று சத்தம். நடுவில் இரண்டு முறை இறங்கி ஏறினாள். புடவை வேறு சங்கிலிப் பக்கம் போனது. பத்து நிமிடம். மறுபடி குட்டியானையில் ஏற்றினான்.

மூன்றாவதாகச் சிவப்புச் சைக்கிள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். மிதித்ததுதான் தெரியும். புடவை முன்பக்கமாகப் புடைத்துக்கொண்டு, கூடை முன்னால் இழுக்க, சைக்கிள் தானாக வழுக்கிக்கொண்டு போனது. பள்ளிக்கூடத்துக்குப் போன வயசில்கூட இப்படி ஓட்டியதில்லை. வாயை மூடாமல் சிரித்துக்கொண்டே பங்கில் வந்து இறங்கினாள். எட்டே முக்கால் நிமிடம்.

"பாத்தியா!" என்றான் பிராங்க்ளின், தானே ஓட்டிவந்தவன் போல. "மூணு கிலோமீட்டருக்கு எட்டே முக்கால்னா ஒம்போதுக்கு இருவத்தாறே கால். ஒரு நாலு நிமிஷம் சேத்துக்க. அரை மணி நேரம். நாளைக்கு ஏழு மணிக்குக் கெளம்புனாப் போதும்."

அனிஷா மட்டும் பின்னால் சைக்கிள்களைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கி ஒதுக்கிச் சலித்துப்போயிருந்தாள்.

"என்ன காத்துப்பா இது!"

"ஜம்முனு இருக்குல்ல?" என்றான் அப்பா.

சிவப்புச் சைக்கிளை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் முனீரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். சாயங்காலம் சர்ச்சில் பங்குச் சாமியார் அதன்மேல் தீர்த்தம் தெளித்து, "மெதுவாப் போம்மா" என்று சொல்லி அனுப்பினார்.

அந்தப் புத்திமதிக்கு வேலையே இல்லாமல் போனது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பியவள் முருகபவனம் தாண்டும்வரை சரியாகத்தான் போனாள். வீடுகள் முடிந்து வெட்டவெளி வந்ததும், எதிரில் யாரோ உள்ளங்கையை அவள் நெஞ்சில் வைத்துத் தள்ளுவது போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முன்னால் இழுத்த கூடை இன்று பின்னால் தள்ளியது. புடவை இரண்டு காலையும் சேர்த்துக் கட்டியது. தலைப்பு தோளை விட்டு வெளியேறித் திண்டுக்கல்லுக்குத் திரும்பிப் போக முயன்றது. தண்ணீர்க் குடம் வைத்த தள்ளுவண்டிக்காரர் ஒருவர் கொஞ்ச தூரம் அவளுக்கு இணையாக நடந்தே வந்தார்.

"சைக்கிளு புதுசா ஆத்தா?" என்று விசாரித்தார்.

"நேத்துத்தாண்ணே வாங்குனேன்."

"அப்படியா," என்று சொல்லிவிட்டு அவர் முந்திக்கொண்டு போய்விட்டார்.

பண்ணை வாசலை அடைந்தபோது மணி ஏழு நாற்பத்தொன்பது. அருள்நாதன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் அன்றைய தேதியைப் பேனாவால் சுழித்துவிட்டு உள்ளே போனார்.

மூச்சு வாங்கி முடிவதற்குள் அவள் வழக்கமான வேலையைத் தொடங்கினாள். ஆனி பிறந்ததிலிருந்து ஆவணி வரைக்கும் காலையில் வந்ததும் செய்யும் முதல் வேலை, கூடாரங்களின் மேற்குப் பக்க வலையை இறக்கிக் கட்டுவது. கட்டாவிட்டால் நாற்றெல்லாம் கிழக்கே சாய்ந்துவிடும். மூன்றாவது கூடாரத்தின் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. பிறகு தனியாகச் சிரித்தாள்.

"என்னக்கா?" என்றான் பூவாளியோடு வந்த விக்னேஷ்குமார்.

"ஒண்ணுமில்ல தம்பி. ஆறு வருஷமா நாத்துக்குக் காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாத்துக் கட்டுறேன். நேத்து எனக்குன்னு வந்தப்ப, மூணு சைக்கிளயும் மேக்கருந்து கெழக்கத்தான் ஓட்டிப் பாத்திருக்கேன். ஒண்ணக்கூட இங்கிட்டுப் பாத்து மிதிக்கல. எங்க வீட்டுக்காரரு என் காலு வலிக்கும்னு ஒவ்வொரு தடவையும் வண்டியில ஏத்திக்கொண்டாந்து எறக்கிவிட்டாரு."

விக்னேஷ்குமார் பூவாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "பாசக்கார மனுசன்க்கா."

சாயங்காலம் வீட்டுக்கு இருபத்தைந்து நிமிடத்தில் வந்து சேர்ந்தாள். மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் பிராங்க்ளின் கல்யாணப் பத்திரிகையை எடுத்து வெகுநேரம் பார்த்தான்.

"கணக்குல தப்பில்லையே," என்றான்.

"கணக்குல தப்பில்லப்பா," என்றாள் அனிஷா. "நீங்க அம்மாவுக்கு டைம் போடல. காத்துக்குப் போட்டிருக்கீங்க. காத்து ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"சரி, வெளக்கம் போதும். நாளைக்கு அரை மணி நேரம் முந்திக் கெளம்பட்டும். முடிஞ்சுபோச்சு."

செவ்வாய்க்கிழமை ஆறு இருபத்தைந்துக்கே கிளம்பினாள். அனிஷா தன் தோசையைத் தானே சுட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். ஏழு பதினேழுக்குப் பண்ணையில் இருந்தாள். நேரத்துக்கு வந்தாயிற்று. ஆனால் தொடை இரண்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தன. கையும் கூட ஆடியது. முதல் தட்டைத் தூக்கியவள் வாசல்படியில் தடுக்கி, தொண்ணூற்றெட்டுக் குழி மிளகாய் நாற்றையும் மண்ணில் கவிழ்த்தாள். ஆறு வருடத்தில் முதல் தட்டு.

அருள்நாதன் வந்து பார்த்தார். குனிந்து அவரும் சேர்ந்து நாற்றுகளைப் பொறுக்கினார்.

"நேரத்துக்கு வந்துட்ட. சரிதான்," என்றார். "ஆனா வந்த பெறகு வேலை பாக்குற தெம்புல வரணும்ல செல்வி? இப்படி வந்தா நான் உனக்குத்தான் மொத தண்ணி ஊத்தணும் போலருக்கே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேராக முனீர் கடைக்குப் போனாள். யாரையும் கூட்டிக்கொள்ளவில்லை. நடந்ததைக் கேட்டு முனீர் கையிலிருந்த ஸ்பேனரால் நெற்றியைச் சொறிந்துகொண்டான்.

"யக்கா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா? நீங்க பழனி ரோட்டுல மேக்க போறீங்கன்னு பாய் சொல்லவே இல்லையே. லேடீஸ்க்கு நல்ல சைக்கிள்னுதான கேட்டாரு. நானும் மார்க்கெட்டு, கோயில், புள்ளையக் கூட்டிவரன்னு நெனச்சேன்."

"இப்ப சொல்றேன். மேக்க போகணும். ஒம்போது கிலோமீட்டரு. போயி எறங்குனதும் கை ஆடக்கூடாது. எது?"

முனீர் யோசிக்காமல் சாம்பல் நிறக் கியர் சைக்கிளை வெளியே இழுத்தான்.

"அது கடகடங்குதுப்பா."

"நீங்க ரெண்டு கையையும் திருகுனா கடகடங்காம என்ன செய்யும்? இடது கைப் பக்கம் இருக்கிறத மறந்துருங்க. நான் அதக் கழட்டியே விட்டுர்றேன். வலது கை மட்டும். மேடு ஏறுனா, எதுத்துக் காத்து அடிச்சா இங்கிட்டு ஒரு சொடுக்கு. லேசாயிரும். காலு வேகமாச் சுத்தும், ஆனா வலிக்காது. ஒரே எடத்துல முக்கிக்கிட்டு நிக்காதீங்க. அம்புட்டுத்தான் வித்தை. ஹேண்டில் தாழ்ந்து இருக்குன்னு பயப்படாதீங்க. கொஞ்சம் குனிஞ்சீங்கன்னா காத்து முதுகுக்கு மேல போயிரும்."

"கூடை?"

"முன்னால கூடை வேணாம். அது காத்துக்குப் போடுற கதவு. பின்னால கேரியர் மாட்டித் தர்றேன். டிபன் பையக் கயிறு போட்டுக் கட்டுங்க." ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொண்ணு சொன்னா தப்பா எடுக்காதீங்க. சேலையோட இது ஆகாது," என்றான்.

"ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றாள்.

வீட்டுக்கு வந்து அனிஷாவின் பழைய சுடிதார் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை. கண்ணாடியைப் பார்க்க நேரமில்லை. முனீர் கடைக்குத் திரும்பி, சாம்பல் சைக்கிளை வாங்கி, பழனி ரோடு வரை உருட்டிக்கொண்டே போனாள். வெட்டவெளி வந்ததும் மேற்கைப் பார்த்து ஏறினாள். நெஞ்சில் அதே உள்ளங்கை. குனிந்தாள். வலது கையில் ஒரு சொடுக்கு. இன்னொரு சொடுக்கு. கால் சும்மா சுழன்றது. வேகம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் காற்று தள்ளவுமில்லை, அவள் முக்கவுமில்லை. ஏதோ ஒரு ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டது போல இருவரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். ஒரு கிலோமீட்டர் போய் இறங்கி, இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

திரும்பும் வழியில் குட்டியானை எதிரில் வந்து நின்றது. தேடிக்கொண்டு வந்திருந்த பிராங்க்ளின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். முதலில் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஏம்மா, இந்தப் பக்கம் சேல கட்டுன ஒரு அம்மா சைக்கிள்ல... அட, செல்வியா!"

"என்னங்க, நல்லாருக்கா?"

"சைக்கிளா, சுடிதாரா?"

"ரெண்டும்."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். அளக்க எதுவும் கையில் இல்லை. "நல்லாத்தான் இருக்கு," என்றான். "ஏத்திக்கவா?"

"இதுல கைய வச்சீங்கன்னா பாருங்க," என்று சொல்லிவிட்டு மிதித்தாள்.

சிவப்புச் சைக்கிளை முனீர் திரும்ப எடுத்துக்கொண்டு கியர் சைக்கிளைக் கொடுத்தான். புதன்கிழமை ஆறு நாற்பதுக்குக் கிளம்பி ஏழு இருபதுக்குப் பண்ணை சேர்ந்தாள். வாசலில் நின்றவர்கள் சுடிதாரைப் பற்றி ஆளுக்கொன்று சொன்னார்கள். யாரோ, காலேஜ் புள்ளைக்கு இங்கே என்ன வேலை என்றார்கள். அவள் நேராகப் போய் மேற்கு வலையைக் கட்டினாள். கை ஆடவில்லை. வியாழக்கிழமை ஏழு பத்தொன்பது.

வெள்ளிக்கிழமை பெட்ரோல் பங்கைத் தாண்டியதும், லாரி ஒன்றுக்கு ஒதுங்கும் பதற்றத்தில் மூன்று சொடுக்கு ஒரேயடியாகப் போட்டுவிட்டாள். சங்கிலி கழன்று விழுந்தது. குந்தி உட்கார்ந்து, முனீர் சொல்லிக்கொடுத்தபடி சின்னப் பல்சக்கரத்தில் மாட்டி, பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் மிதியைச் சுற்றினாள். ஏறிக்கொள்ளவில்லை. மறுபடி. இரண்டு கையும் முழங்கைவரை கறுப்பு. மூன்றாவது முறை ஏறியது. கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு மிதித்தாள். இன்னொரு நாள் தாமதம் என்றால் சாவி போய்விடும் என்பதைத் தவிர அந்த மூன்று கிலோமீட்டரில் அவள் வேறெதையும் நினைக்கவில்லை.

வாசலில் விக்னேஷ்குமார் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"ஏழு இருவத்தெட்டு," என்றான். "ரெண்டே நிமிஷத்துல போச்சேக்கா எனக்கு."

"வருத்தமா தம்பி?"

"பின்ன? திங்கக்கெழமையே எங்கம்மாகிட்ட சாவி கெடைக்கும்னு சொல்லி வச்சிருந்தேன்." சொல்லிக்கொண்டே ஒரு பிடி தென்னைநார்த் தூளை அள்ளி அவள் கையில் போட்டான். "இதத் தேச்சு விடுங்க. கிரீஸு போயிரும். அந்தக் கையோட நாத்தத் தொட்டுறாதீங்க."

சனிக்கிழமை ஏழு இருபத்தொன்றுக்கு வந்தாள்.

ஜூலை 22, திங்கட்கிழமை காலை அருள்நாதன் மூன்று கூடாரங்களின் சாவியையும் சகாயசெல்வியிடம் கொடுத்தார். விக்னேஷ்குமார் முதல் கூடாரத்தைப் பார்த்துக்கொள்வதென்று முடிவானது. அன்று மூன்றாவது கூடாரத்தில் நாற்பது தட்டு மிளகாய் விதைத்தார்கள்.